மழைக்குப் பிறகு கிளம்பாத பழைய இஎக்ஸ்5: சாமான் வாங்கும் முன் எதை, எப்படி அளப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓடும் 2004 ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், கார்புரேட்டர் மாடல், கிக்கரும் ஸ்டார்ட்டரும் உண்டு. இரவு மழையில் நனைந்தால் காலையில் கிளம்புவதில்லை. வெயில் ஏறிய பிறகு இரண்டு மிதியில் கிளம்பிவிடுகிறது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. சிக்னல் மங்கல். இரண்டு மாதத்தில் இரண்டு ஹெட்லைட் பல்பு போய்விட்டது. பேட்டரியும் பிளக்கும் புதிதாக மாற்றியாகிவிட்டது. பொமேன் (மெக்கானிக்) இப்போது சிடிஐ (ஸ்பார்க் அடிப்பதைக் கட்டுப்படுத்தும் பெட்டி), காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றும் சுருள்), ரெகுலேட்டர் (வோல்ட் அளவு மீறாமல் பார்ப்பது), முழு வயரிங் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வண்டியில் இருப்பது ஒரு கோளாறல்ல, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற முடிவு வருகிறது. ஒரு மல்டிமீட்டர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு டெஸ்டர், இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்த ஒரு வயர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் பிடித்துவிடலாம்.

முதலில் இந்த வண்டிக்குள் கரண்ட் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இஞ்சினின் இடது மூடிக்குள் மேக்னெட் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் சுருள்கள் தனித்தனி வேலை பார்க்கின்றன. ஒரு சுருள் சிடிஐக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது. அதிலிருந்து வருவது கருப்பு வயர், அதில் சிவப்புக் கோடு. இன்னொன்றிலிருந்து வெள்ளை வயர் பேட்டரி சார்ஜுக்கும், மஞ்சள் வயர் ஹெட்லைட்டுக்கும் போகின்றன. இவை போக, மேக்னெட்டுக்கு வெளியே சின்னதாகப் பல்சர் ஒன்று இருக்கும். அதன் வயர் நீலம், மஞ்சள் கோடு. எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது அதுதான்.

ஆக, பிளக்கில் வரும் ஸ்பார்க்குக்கும் பேட்டரிக்கும் இந்த மாடலில் தொடர்பே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தாலும் கிக்கரை மிதித்தால் வண்டி கிளம்ப வேண்டும். ‘கிளம்பவில்லை, பேட்டரியை மாற்று’ என்று சொன்னவர் அங்கேயே தவறிவிட்டார். எல்லாக் கப்சாயும் (இந்த மாதிரிச் சின்ன மோட்டார் சைக்கிள்) இப்படி இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் சிடிஐ உள்ள வண்டிகளும் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. உங்களுடையது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் பேட்டரி ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பிளக்கின் உலோக உடம்பை இஞ்சினில் ஒட்டவைத்து (எர்த் செய்து) மிதித்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் பேட்டரி தேவைப்படாத வகை. பார்த்ததும் ஃபியூஸை மாட்டிவிடுங்கள். பேட்டரி இல்லாமல் வண்டியை ஓட விடுவது சின்ன பல்புகளுக்கு ஆகாது.

இனி கிளம்பாத பிரச்சினைக்கு வருவோம். இந்தச் சோதனையை வண்டி கிளம்ப மறுக்கும் ஈரக் காலையில்தான் செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்த பிறகு எதை அளந்தாலும் எல்லாம் நன்றாகவே இருப்பதாகத் தெரியும். கடையில் கோளாறு பிடிபடாமல் போவதற்கும் இதுதான் காரணம். நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது ஈரம் போயிருக்கும்.

பத்துத் தடவை மிதித்துக் கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் வரவில்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த ஒரு பார்வை உங்கள் வேலையைச் சரிபாதியாகக் குறைத்துவிடும்.

நனைந்திருந்தால் பிளக்கைத் துடைத்து, காயில் வயரின் நுனியில் இருக்கும் தொப்பியில் செருகி, பிளக்கின் உலோக உடம்பு சிலிண்டர் தலையில் நன்றாக ஒட்டும்படி வைத்துப் பிடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், தீப்பிடிக்கலாம். நிழலில் நின்று மிதித்தால் நீல நிறத்தில் தெளிவான ஸ்பார்க் தெரிய வேண்டும். மஞ்சளாக, மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் அது போதாது. காற்றில் எளிதாக அடிக்கும் ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்காமல் போகும். தொப்பியை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டு மட்டும் மிதிக்காதீர்கள். வெளியேற வழி இல்லாத உயர் வோல்ட் காயிலுக்குள்ளேயே ஓட்டை போட்டுக்கொள்ளும். நல்ல காயிலும் அன்றோடு கெட்டுவிடும்.

பிளக் என்ஜிகே சி7எச்எஸ்ஏ அல்லது சி6எச்எஸ்ஏ போட்டிருப்பார்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். புதுப் பிளக்காக இருந்தாலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கை தவறிக் கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி மூடிப்போயிருக்கும்.

ஸ்பார்க் இல்லை, அல்லது மெலிதாக இருக்கிறது என்றால், மழையோடு தொடர்புள்ள இடங்கள் இரண்டுதான் முதலில் பார்க்க வேண்டியவை: பிளக் தொப்பி, சாவி சுவிட்சுக்குப் போகும் வயர்.

தொப்பிக்குள் சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, ஸ்பார்க் பிளக் வழியாகப் போகாமல் தொப்பியின் வெளிப்புறமாக இஞ்சினுக்குத் தாவிவிடும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, வண்டி ஓடும்போது பூவுக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் தொப்பியின் மேலும் காயில் வயரின் மேலும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீல நூல் போல மின்னல் ஓடினாலோ, இஞ்சின் தடுமாறினாலோ கோளாறு அங்கேதான். கையை மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள். தொப்பியை வயரிலிருந்து இடதுபக்கமாகத் திருகினால் கழன்று வரும், அது திருகு போலத்தான் வயருக்குள் இறங்கியிருக்கும். வயர் நுனியில் 5 மில்லிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தொப்பியை இறுக்கித் திருகுங்கள். வெட்டிய நுனியில் செம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். கருத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். இந்த மொத்தப் பட்டியலிலும் விலை குறைந்த சாமான் இந்தத் தொப்பிதான், மழைக்கால ஸ்டார்ட்டிங் கோளாறுகளில் பெரும்பங்கு இதனுடையது.

இரண்டாவது இடத்தைத்தான் பலர் தொடுவதே இல்லை. சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தும்போது என்ன நடக்கிறது தெரியுமா? சாவி சுவிட்ச் கரண்ட்டை வெட்டுவதில்லை. கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயரை எர்த்தோடு சேர்க்கிறது. சிடிஐக்கு வர வேண்டிய கரண்ட் அப்படியே எர்த்துக்குப் போய்விடுவதால் ஸ்பார்க் நின்றுபோகிறது. இப்போது யோசியுங்கள். சாவி ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி, சுவிட்சுக்குள்ளேயோ அதன் கீழே இருக்கும் கனெக்டருக்குள்ளேயோ களிம்போடு சேர்ந்து ஈரம் தங்கினால், சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தாலும் அந்த வயரில் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும். மிதிக்கும் வேகத்தில் மேக்னெட் தருவதே குறைந்த கரண்ட். அதில் பாதி கசிந்துவிட்டால் ஸ்பார்க் வராது. வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கசிவு நிற்கும், வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். நீங்கள் சொன்ன அறிகுறி அச்சாக இதுதான்.

சோதிப்பது எளிது. காயிலுக்குப் போகும் கருப்பு, மஞ்சள் கோடு வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் சிடிஐ பெட்டி கிடைக்கும். அதற்கு வரும் கருப்பு, வெள்ளைக் கோடு வயரை மட்டும் கனெக்டரிலிருந்து பிரித்துவிட்டு மிதியுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சிடிஐ, காயில், மேக்னெட் எல்லாம் நல்லவை. கோளாறு சாவி சுவிட்சிலோ அதற்குப் போகும் வழியிலோதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த வயரைப் பிரித்துவிட்டால் சாவியைத் திருப்பினாலும் இஞ்சின் நிற்காது. மிதிக்கும் முன்பே கிளிப் வயரின் ஒரு முனையை சிடிஐ பக்கத்து முனையில் மாட்டித் தயாராக வையுங்கள். நிறுத்த வேண்டும்போது மறுமுனையை இஞ்சின் உலோகத்தில் தொட்டால் நின்றுவிடும். கிளிப்பின் ரப்பர் உறையைத்தான் பிடிக்க வேண்டும், அந்த வயரில் ஓடும் வோல்ட் கையை உதறவைக்கும் அளவுக்கு இருக்கும்.

கோளாறு அங்கேதான் என்று தெரிந்தால் சுவிட்ச் வாங்க ஓட வேண்டாம். முன்பக்கத்து உறையைக் கழற்றி, சுவிட்சிலிருந்து வரும் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். சாவி ஓட்டைக்குள்ளும் கிளீனர் அடித்து, சாவியை இருபது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்கு ஈரம் விலகும், ஆனால் கனெக்டருக்கு அது நிரந்தரப் பாதுகாப்பு தராது.

கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்குக் களிம்பு சீக்கிரம் ஏறும். பாகானில் வீடு, தினமும் பினாங்குப் பாலத்தில் போக்குவரத்து என்றால் உப்புக் காற்று கனெக்டரை விடாது. கோலாலம்பூரில் உப்புக் கிடையாது, அதற்குப் பதில் மாலை மழையும் வண்டி கழுவும் ‘ஸ்னோ வாஷ்’ கடைகளின் பிரஷர் தண்ணீரும். சாவி ஓட்டையிலும் முன் உறைக்குள்ளும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். நனைந்த வண்டியை உடனே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் தப்பு. ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு விடியும்வரை வயர்களில் வியர்த்துக்கொண்டிருக்கும்.

கருப்பு வெள்ளை வயரைப் பிரித்தும் ஸ்பார்க் வரவில்லை என்றால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். இஞ்சினை நிறுத்தி, கனெக்டர்களைப் பிரித்து, மேக்னெட் பக்கத்திலிருந்து அளவெடுங்கள். கருப்பு சிவப்பு வயருக்கும் பச்சைக்கும் (எர்த் வயர்) இடையே 100 முதல் 400 ஓம் வரை இருக்கலாம். நீல மஞ்சள் வயருக்கும் பச்சைக்கும் இடையே 50 முதல் 200 ஓம் வரை. மீட்டர் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே எர்த் ஆகிவிட்டது. காயிலின் முதல் சுற்றில் ஒரு ஓமுக்கும் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். உயர் வோல்ட் சுற்று தொப்பி இல்லாமல் 3 கிலோ ஓம் அளவில் இருக்கும். தொப்பியோடு அளந்தால் அதன் 5 கிலோ ஓம் கூடும்.

சிடிஐயை மீட்டரால் நம்பும்படி அளக்க முடியாது. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்து, சிடிஐயின் பச்சை வயர் எர்த்தும் நன்றாக இருந்து, அப்போதும் ஸ்பார்க் இல்லை என்றால் நண்பரின் இஎக்ஸ்5இலிருந்து சிடிஐயைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்த மாடல் 1987 முதல் இங்கே ஓடுகிறது, எந்தத் தாமானிலும் (குடியிருப்பிலும்) தேடினால் ஒன்று கிடைக்கும். ஆனால் கார்புரேட்டர் மாடலுக்குக் கார்புரேட்டர் மாடலின் சிடிஐதான். பின்னால் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டியின் பெட்டி வேறு.

இதோடு தொடர்புள்ள இன்னொரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதுதான் வரும். காலையில் நன்றாகக் கிளம்பி, கால் மணி நேரம் ஓடி, சூடானதும் செத்துவிடும். ஆறியதும் திரும்பக் கிளம்பும். சூட்டில் சுருளின் கம்பி விரிந்து அறுபடுவதால் வருவது இது. குளிர்ந்த நிலையில் அளந்தால் 200 ஓம் காட்டும், சூட்டில் முடிவிலி காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடமே அளக்க வேண்டும். ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருந்தாலும் அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. அதனால் நின்றவுடன் முதலில் மூடியைத் திறந்து மிதித்துப் பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு வண்டி கிளம்பினால் மூடிதான் குற்றவாளி. ஸ்பார்க்கே இல்லையென்றால் சுருள்.

பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். பெட்ரோலே வரவில்லை என்றால் குழாய், ஃபில்டர், மிதவை ஊசி. வந்து, அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இருக்கைக்குக் கீழே டேங்க் மூடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்குகிறது. இஎக்ஸ்5இல் இது சகஜம், ரப்பரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் சிறிய ஜெட்டில் பிசின் பிடித்திருக்கும். அதை இரும்பு ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். காற்றுத் திருகைக் கழற்றும் முன் முழுதாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், திரும்ப அதே அளவில் வைக்கலாம்.

ஸ்பார்க்கும் உண்டு, பெட்ரோலும் உண்டு, பிளக் நனைகிறது, ஆனாலும் கிளம்ப அடம்பிடிக்கிறது என்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, மேக்னெட்டின் ‘டி’ குறியை மூடியில் உள்ள குறியோடு ஒட்டவைத்து, இரண்டு வால்விலும் 0.05 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் மேக்னெட்டை இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சத்தம் வருகிறதே என்று யாராவது வால்வை இறுக்கிவைத்திருந்தால் அழுத்தம் கசியும். லேசாகத் தட்டும் வால்வு நல்லது. சத்தமே இல்லாத வால்வைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

இனி இரண்டாவது கோளாறு. ‘டக்’ சத்தம், மங்கல் சிக்னல், எரிந்துபோகும் ஹெட்லைட். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என் கை முதலில் போவது ரெகுலேட்டரின் பச்சை வயருக்குத்தான்.

ரெகுலேட்டரில் நான்கு வயர்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை. வேகம் கூடும்போது மஞ்சள் வயரில் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். ஒரு அளவுக்கு மேல் போவதை ரெகுலேட்டர் பச்சை வழியாக எர்த்துக்குத் தள்ளிவிடும். பச்சை வயர் தளர்ந்தோ களிம்பேறியோ இருந்தால் தள்ளிவிட வழி இல்லை. முழு வோல்ட்டும் ஹெட்லைட் பல்பில் போய் விழும். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் ஹெட்லைட் போட்டே ஓட வேண்டும் என்பதால் பல்புக்கு ஓய்வே கிடையாது, மிஞ்சிய வோல்ட் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். அதே எர்த் கெட்டால் பேட்டரி சார்ஜும் ஒழுங்காக நடக்காது. புதுப் பேட்டரி போட்டும் சிக்னல் மங்குவதற்கு விளக்கம் இங்கே இருக்கலாம். ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்கி, முறுக்கினால் பிரகாசமாவது இந்த வண்டியின் இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எர்த்தை அளக்கும் முறை: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும், சிவப்பு முனையை ரெகுலேட்டரின் பச்சை வயர் நுனியிலும் வையுங்கள். சாவியை ஆன் செய்து, சிக்னல், பிரேக் லைட் எல்லாம் எரியட்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் வழியில் எங்கோ களிம்பு இருக்கிறது. ஃபிரேமில் பச்சை வயர்கள் ஒன்றாகச் சேர்ந்து போல்ட்டில் மாட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து, நட்டை இறுக்குங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இந்தப் போல்ட்டுக்கு அடியிலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு வண்டி என்றைக்கும் சரியாக இருக்காது.

அடுத்து சார்ஜ். பேட்டரியை வெளியே எடுத்து முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு அளக்க வேண்டும், பாதிப் பேட்டரியை வைத்து எடுக்கும் அளவு பொய் சொல்லும். பேட்டரியின் ஆம்பியர்-ஆவர் எண்ணில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் வேகம், 5 என்று எழுதியிருந்தால் 0.5 ஆம்பியர். சார்ஜ் ஆகி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். ஆசிட் ஊற்றித் தரும் பேட்டரியை ஊற்றிய கையோடு மாட்டித் தந்திருந்தால் அது ஆரம்பத்திலேயே நோஞ்சானாகிவிட்டது. அரை மணி நேரம் ஊறவைத்து, சார்ஜ் போட்டுத்தான் மாட்டியிருக்க வேண்டும்.

பேட்டரி மாட்டி, இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து, மெல்ல முறுக்குங்கள். 14 முதல் 15 வோல்ட்டுக்குள் ஏறி நிற்க வேண்டும். 15.5ஐத் தாண்டினால், எர்த் நன்றாக இருக்கும் பட்சத்தில், ரெகுலேட்டர் போய்விட்டது. 12.5இலேயே அசையாமல் நின்றால் இஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டர் கனெக்டரைப் பிரித்து, மேக்னெட் பக்கம் வெள்ளைக்கும் பச்சைக்கும் இடையே அளங்கள். சுமார் 0.3 முதல் 1.1 ஓம் இருந்தால் சுருள் நல்லது, ரெகுலேட்டரையோ சிவப்பு வயரையோ ஃபியூஸையோ சந்தேகிக்கலாம். ரெகுலேட்டரைப் பிரித்த நிலையில் இஞ்சினை ஓட்ட வேண்டாம். ஹெட்லைட் கனெக்டரும் மாட்டியிருந்தால் மூன்றாவது பல்பும் அந்த நொடியே போகும்.

ஸ்டார்ட்டரின் ‘டக்’குக்கு இப்போது வரலாம். பட்டனை அழுத்தும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி காலி அல்லது கெட்டது. 12ஐ ஒட்டியே நின்று டக் சத்தம் மட்டும் வந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேக்குள் காண்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரில் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். அடுத்து, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்துகொண்டே அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான். வயர் வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உறைக்குள் கருத்திருக்கும், முனையை நகத்தால் கீறிப் பாருங்கள்.

சிக்னலுக்கு ஒரு வார்த்தை. சார்ஜும் எர்த்தும் சரியான பிறகும் மங்கலாக இருந்தால் பல்பு ஹோல்டரைத் தேய்த்துவிடுங்கள். எல்ஈடி பல்பு போட்டதால் படபடவென்று அடித்தால் அதற்கேற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ரிலே வேண்டும். ஹெட்லைட்டைப் பேட்டரியிலிருந்து எரியும் எல்ஈடியாக மாற்றும் ஆசை இருந்தால் கவனம். இந்த வண்டியின் சார்ஜிங் அரை அலைதான், அதாவது மேக்னெட் தருவதில் பாதியைத்தான், எடுக்கிறது. மேக்னெட் சுருளின் எர்த்தைப் பிரித்து, முழு அலை ரெகுலேட்டர் போடாமல் பேட்டரியில் ஹெட்லைட்டை மாட்டினால், ஜாலான் ஈப்போ மாதிரி நெரிசலில் மெதுவாகப் போகும் நாட்களில் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் அதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது வேண்டாம். ஃபியூஸ் எரிய மறுத்தால் வயரிங் எரியும்.

வயர் நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் ஹோண்டா. சுசுகியில் கருப்பு வெள்ளைக் கோடு வயர்தான் எர்த்தே. யமஹாவில் எர்த் வெறும் கருப்பு, காயிலுக்குப் போவது ஆரஞ்சு. ஹோண்டா நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு யமஹாவின் ஆர்எக்ஸ்-இசட்டைப் பிரித்தால் வழி தவறும். இருபது வருட வண்டியில் முன்பு யாராவது வயர் ஒட்டுப்போட்டிருந்தால் நிறத்தை நம்பவே வேண்டாம். ஒட்டு இருக்கும் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அதை ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போடுங்கள். இதைவிடப் பழைய 6 வோல்ட் சி70 வைத்திருப்பவர்களுக்கு சிடிஐ கிடையாது, திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்தான். அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பாயின்ட்டில் பெரிதாக வெள்ளைப் பொறி தெறித்து அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்ற வேண்டும்.

திடீர் வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் மேலே உள்ள எதுவும் செய்யும் முன் மிதிக்காதீர்கள். முதலில் இஞ்சின் ஆயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து தண்ணீர் தெறித்து வெளியேறும்வரை மெல்ல மிதித்து, பழைய ஆயிலை வடித்து, 0.7 லிட்டர் புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடி வடித்து மாற்றுங்கள்.

உங்கள் வண்டிக்கு வரிசை இதுதான்: அடுத்த மழைக் காலையில் பிளக்கைப் பார்ப்பது, கருப்பு வெள்ளை வயரைப் பிரித்து மிதிப்பது, தொப்பியை மாற்றுவது. காய்ந்த நாளில் எர்த் போல்ட்டைத் தேய்ப்பது, பேட்டரியைச் சார்ஜ் செய்து வோல்ட் அளப்பது. இந்த அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு பொமேனிடம் போங்கள். ‘வெள்ளையில் 0.7 ஓம் இருக்கு அண்ணே, முறுக்கினா 16 வோல்ட் வருது, எர்த்து தேய்ச்சாச்சு’ என்று நீங்கள் சொன்னால் அவர் ரெகுலேட்டர் ஒன்றை மட்டும் எடுத்து வைப்பார்.